பறித்த பின்னும் தொடரும் உயிர்ப்பு: பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதி விளைபொருள்களின் வரலாறு

முன்னுரை

புல்லையும் மரத்தையும் ஓரறிவுடைய உயிர்களாகத் தொல்காப்பிய மரபியல் வகைப்படுத்துகிறது. ஆகவே தாவரத்திற்கு உயிருண்டு என்னும் கருத்து தமிழ் மரபுக்குப் புதியதன்று. அவ்வுயிர் தன்னை நிலைநிறுத்திக்கொள்வதற்கு வேண்டிய ஆற்றலை எங்கிருந்து, எவ்வாறு பெறுகிறது என்னும் வினாவிற்கு விடை காணும் முயற்சி 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிற்று. அவ்விடையின் ஒரு பகுதி ஒளிச்சேர்க்கை. மற்றொரு பகுதி சுவாசித்தல். முன்னது உணவை ஆக்குவது. பின்னது அவ்வுணவைச் சிதைத்து ஆற்றலை வெளிப்படுத்துவது. முன்னது பெற்ற கவனத்தைப் பின்னது பெறவில்லை. பள்ளிப் பாடத்தின் ஓர் அலகாக மட்டுமே அது பலராலும் நினைவுகூரப்படுகிறது.

ஆயின் மக்களின் உழைப்பு வரலாற்றைக் கூர்ந்து நோக்கின், தாவரச் சுவாசம் அதில் ஆழப் பதிந்திருத்தலைக் காணலாம். அறுத்த நெல்லும் பறித்த ஏலக்காயும் கிள்ளிய தேயிலைக் கொழுந்தும் தாய்ச்செடியினின்று பிரிந்த கணத்தில் இறந்துபடுவதில்லை. அவை தொடர்ந்து உயிர்க்கின்றன, சேமித்த உணவைச் செலவழிக்கின்றன, வெப்பத்தை வெளியிடுகின்றன. அவ்வுயிர்ப்பை எப்போது தொடரவிடுவது, எப்போது தணிப்பது, எப்போது நிறுத்துவது என்பதே அறுவடைக்குப் பிந்திய தொழில்கள் அனைத்தின் அடிப்படையாகும். கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப்பகுதிகளைக் களமாகக் கொண்டு, நெல், ஏலம், தேயிலை ஆகிய மூன்று பொருள்களின் வழியே இவ்வுண்மையை விளக்குவதும், அதனால் அங்குள்ள தமிழ்த் தொழிலாளர் வாழ்வு எவ்வாறு வடிவம் பெற்றது என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

சுவாசித்தலும் ஆற்றலும்

சுவாசம் மெல்ல நிகழும் எரிதலே என்பதை 1780களில் இலவாசியேயும் இலாப்பிலாசும் விலங்குகளைக் கொண்டு நடத்திய வெப்ப அளவீடுகளால் நிறுவினர். தாவரங்களும் அவ்வாறே காற்றை மாற்றுகின்றன என்பதை 1779ஆம் ஆண்டில் டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹூஸ் வெளியிட்ட நூல் உணர்த்திற்று. பசுமையான பகுதிகள் கதிரொளியில் நற்காற்றை வெளியிடுகின்றன என்றும், இருளில் அவையும் காற்றைக் கெடுக்கின்றன என்றும், பசுமையற்ற வேர், மலர் முதலியன ஒளியிலும் அவ்வாறே செய்கின்றன என்றும் அவர் கண்டார். 1804ஆம் ஆண்டில் நிக்கோலா தெ சொசூர் தாவரங்கள் ஆக்சிஜனை ஏற்பதை அளந்து காட்டினார். இருப்பினும் 1840இல் லீபிக் போன்ற பெரும் வேதியியலாரே தாவரச் சுவாசத்தை ஏற்க மறுத்தனர். சாக்சு முதலிய 19ஆம் நூற்றாண்டுத் தாவரவியலாரின் உழைப்பாலேயே இக்கொள்கை உறுதிபெற்றது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியும் 20ஆம் நூற்றாண்டும் இதன் உள்ளியக்கத்தை வெளிப்படுத்தின. 1897இல் புக்னர், உயிருள்ள செல் இல்லாமலே ஈஸ்டின் சாறு சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் காட்டினார். 1929இல் ஏடிபி என்னும் மூலக்கூறு கண்டறியப்பட்டது. 1937இல் கிரெப்சு சிட்ரிக் அமிலச் சுழற்சியை விளக்கினார். 1961இல் மிட்செல், மைட்டோகாண்ட்ரியப் படலத்தின் இருபுறமும் புரோட்டான்கள் சமமின்றிப் பரவியிருத்தலே ஏடிபி உருவாக்கத்திற்கு உந்துவிசை என்னும் கொள்கையை முன்வைத்து, 1978இல் நோபல் பரிசு பெற்றார்.

இவற்றின் சாரத்தைப் பின்வருமாறு தொகுக்கலாம். ஒரு குளுக்கோசு மூலக்கூறு முதலில் செல்லின் சைட்டோபிளாசத்தில் இரண்டாகப் பிளக்கப்படுகிறது. இது கிளைக்கோலிசிஸ் எனப்படும். இதற்கு ஆக்சிஜன் வேண்டுவதில்லை. பின்னர் மைட்டோகாண்ட்ரியத்தினுள் கிரெப்சு சுழற்சியில் அது முற்றும் சிதைந்து கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. அங்குப் பிரிந்த எலெக்ட்ரான்கள் படிப்படியாகக் கடத்தப்பட்டு இறுதியில் ஆக்சிஜனைச் சேர்ந்து நீராகின்றன. ஒரு மோல், அதாவது 180 கிராம் குளுக்கோசு முழுமையாக ஆக்சிஜனேற்றம் பெறும்போது 686 கிலோகலோரி ஆற்றல் விடுபடும். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே 30 முதல் 32 மோல் ஏடிபியில் சேமிக்கப்படுகிறது. எஞ்சியது வெப்பமாகிறது. ஆக்சிஜன் கிட்டாவிடில் கிளைக்கோலிசிஸ் அளவிலேயே நின்று, இரண்டு ஏடிபி மட்டும் கிட்ட, எத்தனால் உருவாகிறது.

மூன்று செய்திகள் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, தாவரம் இரவில் மட்டும் சுவாசிப்பதில்லை. இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதனினும் விரைவாக நிகழ்தலின் சுவாசம் மறைந்து நிற்கிறது. இரண்டாவது, பொதுவான வெப்பநிலை எல்லைக்குள் 10 டிகிரி உயரும்போது சுவாச வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. மூன்றாவது, ஈரம் குறையக் குறையச் சுவாசமும் குறைகிறது. வெப்பம், ஈரம், காற்று ஆகிய இம்மூன்றையும் ஆள்வதே பின்வரும் தொழில்கள் மூன்றற்கும் பொதுவாகும்.

சொல்லும் பொருளும்

பாடநூல்களில் சுவாசித்தல் என்னும் சொல்லே வழங்குகிறது. மூச்சு என்னும் சொல் காற்றை உள்ளிழுத்து வெளிவிடுதலை மட்டும் குறிப்பதாக நிலைத்துவிட்டது. இரண்டினும் வேறாக உயிர்ப்பு என்றொரு பழஞ்சொல் உள்ளது. மூச்சுவிடுதல் என்னும் பொருளில் இதன் வினைவடிவம் திருக்குறளிலேயே ஆளப்பட்டுள்ளது. உயிர் என்னும் அடியினின்றே மூச்சிற்கும் பெயர் அமைந்தமையால், உயிரோடிருத்தலும் உயிர்த்தலும் ஒன்றே என்னும் புரிதல் இச்சொல்லில் உறைந்துள்ளது. நுரையீரலும் மூக்கும் இல்லாத இலைக்கும் விதைக்கும் மூச்சு என்பது பொருந்தாதது போலத் தோன்றினும் உயிர்ப்பு என்பது இயல்பாகப் பொருந்துகிறது. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் முயற்சியால் தோன்றிய தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தொடங்கி இன்றுவரை கலைச்சொல்லாக்கம் பெரிதும் நூல்வழியே நடந்துவந்துள்ளது. உழவரும் தொழிலாளரும் இவ்வுயிர்ப்பை எச்சொற்களால் அறிந்தனர் என்பது கலைச்சொல்லாக்கத்தில் உரிய இடம் பெறவில்லை. இக்குறை மூன்று பொருள்களின் வரலாற்றிலும் வெளிப்படுகிறது.

களம்

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று ஒட்டிய மாவட்டங்கள் அல்ல. ஆயின் இரண்டும் கிழக்கே தமிழகத்தை எல்லையாகக் கொண்டவை. பாலக்காடு கோயம்புத்தூரையும், இடுக்கி தேனியையும் நோக்கித் திறந்திருப்பவை. பாலக்காட்டின் பெரும்பகுதி சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. சித்தூர்ப் பகுதி கொச்சி அரசைச் சார்ந்திருந்தது. தேவிகுளம், பீர்மேடு முதலிய பகுதிகள் திருவிதாங்கூரைச் சார்ந்தவை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநில அமைப்பின்போது இவை அனைத்தும் கேரளத்தில் சேர்ந்தன. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு நடத்திய போராட்டம் அறியப்பட்ட வரலாறாகும். 1957இல் பாலக்காடும் 1972இல் இடுக்கியும் தனி மாவட்டங்களாயின. இரு மாவட்டங்களிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இன்றும் இயங்குகின்றன.

இயற்கையமைப்பிலும் இவை வேறுபட்டவை. பாலக்காடு, மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியில் அமைந்த வெப்பமான சமவெளி. இடுக்கியின் எல்லைப்பகுதியோ ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட குளிர்ந்த, ஈரம் மிகுந்த மலைநாடு. உயிர்ப்பின் வேகத்தை ஆள்வன வெப்பமும் ஈரமும் ஆதலின், ஈரிடத்தும் அதனை எதிர்கொண்ட வழிகளும் வேறுபட்டன.

நெல்: தணித்தலும் எழுப்புதலும்

கேரளத்தின் நெற்களஞ்சியம் எனப் பாலக்காடு போற்றப்படுகிறது. 1927இல் பட்டாம்பியில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டதும் 1955இல் மலம்புழை அணை கட்டி முடிக்கப்பட்டதும் இச்சிறப்பிற்குத் துணைசெய்தன. இங்கு விரிப்பு, முண்டகன் என இரு போகங்கள் முதன்மையானவை. முண்டகன் அறுவடை தை, மாசியில் அமைவதால் கணவாய் வழியே வீசும் வறண்ட கிழக்குக் காற்று நெல்லை எளிதில் உலர்த்திவிடுகிறது. விரிப்பின் அறுவடையோ ஆவணி, புரட்டாசியில், மழை ஓயாத பருவத்தில் நிகழ்கிறது. ஈரநெல்லை என்செய்வது என்பதே அப்போகத்தின் நிலையான சிக்கலாகும்.

அறுவடையின்போது நெல்மணியில் 20 விழுக்காட்டிற்கு மேல் ஈரம் இருத்தல் இயல்பு. அவ்வாறே குவித்து வைப்பின் மணியின் உயிர்ப்பும், அதன்மேல் படியும் பூஞ்சையின் உயிர்ப்பும் சேர்ந்து குவியலின் நடுவே வெப்பத்தை உண்டாக்கும். அவ்வெப்பம் உயிர்ப்பை மேலும் விரைவுபடுத்தும். உயிர்ப்பினால் உண்டாகும் நீர் ஈரத்தை மேலும் கூட்டும். ஒன்றையொன்று வளர்க்கும் இச்சுழலில் நெல் சூடேறி, நிறம் மாறி, முளைத்திறன் இழக்கிறது. ஈரத்தை 14 விழுக்காட்டிற்குக் கீழ்க் கொணர்ந்தால் இச்சுழல் பெரும்பாலும் அடங்குகிறது. களத்தில் பரப்பிக் காயவைத்தலும், தரையினின்று உயர்த்திய மரப் பத்தாயத்தில் சேமித்தலும், தென்தமிழகத்தில் விதைநெல்லை வைக்கோற் புரியால் கோட்டை கட்டி வைத்தலும் இவ்வறிவின் வெளிப்பாடுகளேயாம். விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும் என்று விதையியலார் வகுத்த பொதுவிதி, பன்னெடுங்காலப் பழக்கத்திற்கு எண் வடிவம் தந்ததாகவே கருதத்தக்கது.

உலர்த்த இயலாத காலத்தில் இரண்டாவது வழி புழுக்குதல். ஊறவைத்த நெல்லை வேகவைக்கும்போது முளைக்கரு இறந்து மணியின் உயிர்ப்பு முற்றும் நின்றுவிடுகிறது. மாவுச்சத்து இறுகி அரிசி உடையாமல் அரைபடுகிறது. புவிசார் குறியீடு பெற்ற பாலக்காடன் மட்டை அரிசி புழுங்கலாகவே பெரிதும் வழங்குகிறது. ஒரே வீட்டில் உண்பதற்குரிய நெல் உயிர் போக்கியும், விதைப்பதற்குரிய நெல் உயிர் காத்தும் வைக்கப்பட்டமை நோக்கத்தக்கது.

மூன்றாவது நிலை எழுப்புதல். விதைநெல்லை ஒருநாள் ஊறவைத்து, நீரை வடித்து, சாக்கில் கட்டி வைத்து முளைகட்டுவர். மறுநாள் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தால் கதகதப்பு தெரியும். ஈரம் பெற்ற கரு விழித்தெழுந்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி உயிர்க்கத் தொடங்கியதன் அறிகுறி அது. சூடு மிகின் நீர் தெளித்துக் கிளறிவிடுவர். சூட்டைத் தணித்தலோடு காற்றோட்டமும் தருதல் அதன் பயனாகும். நீருக்கடியிலும் முளைக்கவல்ல அரிய தானியம் நெல். ஆக்சிஜன் அற்றவிடத்து நொதித்தலால் கிட்டும் சிற்றளவு ஆற்றலைக் கொண்டே முளையுறையை நீட்டிக் காற்றைத் தேடவல்லது.

இவ்வுயிர்ப்பு இன்றும் உழவரின் வருவாயைத் தீர்மானிக்கிறது. அரசுக் கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்னும் விதி, மழைக்கால அறுவடையில் உழவருக்குப் பெருஞ்சுமையாகிறது. களமும் வெயிலும் வாய்க்காத சிறு உழவருக்கு அவ்விதி விலைக்குறைப்பாகவே வந்து சேர்கிறது.

ஏலம்: விரைந்து நிறுத்தல்

இடுக்கியின் உடும்பன்சோலை, பீர்மேடு, தேவிகுளம் வட்டங்களில் பரந்துள்ள ஏலமலைப் பகுதி இந்திய ஏல விளைச்சலின் முதன்மையான நிலமாகும். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏலம் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைப் பொருளாக இருந்தது. பயிரிடுவோர் விளைச்சலை அரசிடமே ஒப்படைக்க வேண்டியிருந்தது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிய தமிழர் ஏலத் தொழிலில் நெடுங்காலமாக ஈடுபட்டு வந்துள்ளனர். பாம்பாடும்பாறையில் 1956இலும் மயிலாடும்பாறையில் 1978இலும் ஏல ஆராய்ச்சி நிலையங்கள் தோன்றின.

பறித்த ஏலக்காயில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஈரம் உண்டு. சாக்கில் கட்டிவைத்தால் காய்கள் உயிர்த்துச் சூடேறும், பச்சை நிறம் மங்கும், பூஞ்சை படரும். விலையைப் பெரிதும் முடிவுசெய்வது காயின் பச்சை நிறமே ஆதலின், பறித்த காயை அன்றே உலர்த்தும் நிலையத்திற்குச் சேர்த்தாக வேண்டும். தோட்டத்தார் இதனை ஸ்டோர் என்று வழங்குவர். அங்கு விறகெரித்துக் குழாய்கள் வழியே வெப்பம் பரப்பி, 45 முதல் 55 டிகிரி வெப்பநிலையில் ஏறத்தாழ ஒருநாள் அளவு உலர்த்தி ஈரத்தை 10 விழுக்காட்டளவிற்குக் கொணர்வர். வெப்பம் குறைந்தால் உயிர்ப்பு நீண்டு காய் கெடும்; மிகுந்தால் பச்சையம் சிதைந்து மணமளிக்கும் எண்ணெயும் ஆவியாகும். இவ்விரு கேடுகளுக்கும் இடைப்பட்ட குறுகிய வழியில் இரவெல்லாம் அடுப்பைக் காத்து நிற்கும் தொழிலாளியின் கைப்பழக்கமே சரக்கின் தரமாகிறது. உலர்ந்த காய் மட்டுமே மலையிறங்கிப் போடிநாயக்கனூரின் சந்தையை அடைந்தது. போடியிலும் புற்றடியிலும் இன்று மின்னணு முறையில் ஏலம் விடப்படுவதும் உலர்ந்த சரக்கே.

ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்காய் ஆகிறது. எஞ்சிய நான்கு கிலோ நீரை ஆவியாக்கும் வெப்பத்திற்கு வேண்டிய விறகு சுற்றியுள்ள காட்டிலிருந்தே நெடுங்காலம் வந்தது. ஒரு சிறு காயின் உயிர்ப்பை நிறுத்துவதற்கு ஒரு காடு விலைகொடுத்தது எனல் மிகையாகாது. ஏலம் மரநிழலில் வளரும் பயிர் என்பதையும் சேர்த்து நோக்கினால், தனக்கு நிழல் தரும் காட்டையே தன் உலர்த்தலுக்கு எரிபொருளாக்கிய முரண்பாடு புலப்படும்.

தேயிலை: தொடரவிட்டு நிறுத்தல்

மூணாறுத் தேயிலையின் வரலாறு 1877இல் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைநிலத்தைக் குத்தகையாகப் பெற்றதிலிருந்து தொடங்குகிறது. 1879இல் வடதிருவிதாங்கூர் நில நடவு வேளாண் கழகம் அமைந்தது. காப்பி, சிங்கோனா முதலியன முயன்று பார்க்கப்பட்டன. 1880இல் பார்வதி தோட்டத்தில் ஏ.எச். ஷார்ப் தேயிலை பயிரிட்டார். 1895இல் பின்லே மூர் நிறுவனம் இங்குக் கால்பதித்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தோன்றியது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியே தொழிலாளர் மலைக்குக் கொணரப்பட்டனர்.

நெல்லில் உயிர்ப்பு தணிக்கப்படுகிறது; ஏலத்தில் விரைந்து நிறுத்தப்படுகிறது. தேயிலையில் இரண்டும் போதா. கிள்ளிய கொழுந்து 12 முதல் 18 மணிநேரம் வரை வாட்டப்படுகிறது. இவ்வாட்டலில் ஈரம் குறைவது ஒருபுறமிருக்க, இலை உயிர்த்துக்கொண்டே தன் மாவுச்சத்தையும் புரதத்தையும் சிதைக்கிறது. அமினோ அமிலங்கள் பெருகுகின்றன. தேநீரின் மணத்திற்கு அடிப்படை இடுவது இம்மாற்றமே. எனவே இலை சாகாமலும், அளவு மீறி உயிர்க்காமலும் இருக்க வேண்டும்.

இதன் இடர்ப்பாட்டை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒரு கிராம் சர்க்கரை முற்றும் ஆக்சிஜனேற்றம் பெற்றால் ஏறத்தாழ 3.8 கிலோகலோரி வெளிப்படும். வளர்ச்சி நின்றுபோன, பறித்த இலையில் ஏடிபியாகச் சேர்ந்த ஆற்றலும் இறுதியில் வெப்பமாகவே முடியும். 100 கிலோ கொழுந்தில் வெறும் 100 கிராம் சர்க்கரை செலவானாலும் 380 கிலோகலோரி தோன்றும். வெப்பம் வெளியேற வழியில்லாவிடில் குவியல் முழுவதும் ஏறத்தாழ நான்கு டிகிரி சூடேற அது போதும். சூடேறிய இலை மேலும் விரைந்து உயிர்க்கும். கூடையில் அழுத்தித் திணித்த கொழுந்து நடுவில் வெந்து சிவப்பதன் காரணம் இதுவே. சிவந்த இலை வாட்டலுக்குப் பயன்படாது.

வாட்டிய இலையை உருட்டி நசுக்கும்போது செல்கள் உடைந்து, தனித்தனியே இருந்த நொதியும் பாலிபீனால்களும் கலந்து, இலை செம்புநிறம் பெறுகிறது. தொழிற்சாலை வழக்கில் இது நொதித்தல் எனப்படினும் உண்மையில் ஆக்சிஜனேற்றமாகும். ஈஸ்டின் நொதித்தலும் அன்று, உயிர்ப்பும் அன்று. இறுதியில் வெப்பக்காற்றால் உலர்த்தி ஈரத்தை மூன்று விழுக்காட்டளவிற்குக் கொணர்ந்தவுடன் எல்லா மாற்றங்களும் ஓய்கின்றன.

தோட்டத்தின் அமைப்பையே இவ்வியக்கம் தீர்மானித்தது. காப்பிக்கொட்டையை மலையிலேயே ஓரளவு பதப்படுத்தித் தொலைவிலுள்ள ஆலைகளுக்கு அனுப்ப முடியும். கொழுந்தை அவ்வாறு அனுப்பவியலாது. நான்கரைக் கிலோ அளவு பச்சைக்கொழுந்து ஒரு கிலோ தேயிலையாவதால் சுமைக்கூலி மிகும் என்பது ஒரு காரணம். கொழுந்து வழியிலேயே சூடேறிக் கெடும் என்பது அதனினும் வலிய காரணம். மூணாற்றின் குளிரில் மெதுவாக உயிர்க்கும் இலை, போடியின் வெயிலுக்கு இறங்கினால் பன்மடங்கு விரைந்து உயிர்க்கும். ஆகவே தொழிற்சாலை மலைக்கு வந்தது. அதனைச் சுற்றி லயங்கள் எழுந்தன.

போக்குவரத்து வரலாறும் இதனை உறுதிசெய்கிறது. 1902இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள வண்டிப்பாதை அமைக்கப்பட்டது. 1908இல் அது குறும்பாதை இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியே கொட்டகுடிக்கு இறக்கப்பட்ட சரக்கு போடிநாயக்கனூர் சென்றது. இவ்வழியே சென்றது உலர்ந்த தேயிலை; உயிர்ப்பு ஓய்ந்ததால் காத்திருக்கக் கூடியது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இருப்புப்பாதையை அழித்தபோதும் தேயிலைத் தொழில் அழியாமைக்கு இவ்வேறுபாடும் ஒரு காரணமாகும். உலர்ந்த தேயிலைக்கு மாற்றுவழி தேட அவகாசம் இருந்தது. பச்சைக்கொழுந்திற்கு ஒருநாள் அவகாசமும் கிடையாது.

இலையின் காலமும் உழைப்பின் காலமும்

அவகாசமின்மை தொழிலாளரின் நாளை வகுத்தது. கொழுந்து கூடையில் நெடுநேரம் தங்கலாகாது என்பதால் நாளொன்றுக்கு இரண்டு, மூன்று முறை எடை போடப்பட்டு உடனுக்குடன் தொழிற்சாலைக்கு அனுப்பப்படுகிறது. முற்பகலில் கிள்ளிய இலை இரவெல்லாம் வாடி, பின்னிரவில் உருட்டலுக்கு ஆயத்தமாகிறது. மலைச்சரிவில் பெண்களின் பகலுழைப்பும், தொழிற்சாலையில் ஆண்களின் இரவுழைப்பும் ஆகிய பிரிவு இவ்வாறே நிலைபெற்றது. மழைக்காலத்தில் கொழுந்து பெருகும், ஈரம் மிகும், வாட்டல் தாமதிக்கும், உழைப்பும் நீளும்.

இயற்கையின் விதி ஒன்று இருந்தமையாலேயே உழைப்பு இவ்வளவு கடுமையாக அமைந்தது என்று கொள்ளுதல் பிழையாகும். இலை விரைந்து கெடும் என்பது உயிரியல் உண்மை. அவ்விரைவின் சுமையை யார் தாங்குவது, எத்தனை கூலிக்குத் தாங்குவது என்பது மனிதர் வகுத்த ஏற்பாடு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பணிநேரம் ஆகியவற்றில் கடமைகளை விதித்தது. 1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தை இயற்றியது. 2005இல் தொழிலாளர் பங்குடைமையோடு புதிய நிறுவனம் உருவாயிற்று. அதன் பின்னரும் 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர் பெம்பிளை ஒருமை என்னும் பெயரில் திரண்டு, போனசும் கூலியுயர்வும் கோரி மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைமைகளையும் விலக்கி நடந்த அப்போராட்டத்தின் வலிமைக்கு ஓர் உயிரியல் அடித்தளமும் உண்டு. கிள்ளப்படாத கொழுந்து செடியிலேயே முற்றிப் பயனற்றுப் போகும். கிள்ளிய கொழுந்து காத்திராது. இலையின் காலக்கெடு தொழிலாளரை நெருக்கியது போலவே, அவர்கள் கைநிறுத்தியபோது உடைமையாளரையும் நெருக்கியது.

தமிழ் இலக்கியம் தோட்ட வாழ்வைப் பேசாமலில்லை. புதுமைப்பித்தனின் துன்பக்கேணி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டது. பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை எரியும் பனிக்காடு என இரா. முருகவேள் தமிழாக்கினார், அது வால்பாறைப் பகுதித் தோட்டங்களைப் பற்றியது. இவை தொழிலாளர் பட்ட துயரின் ஆவணங்களாக நிலைத்துள்ளன. அத்தொழிலாளர் கையில் இருந்த தொழில்நுட்ப அறிவோ, அதாவது வாட்டத்தின் பதத்தைத் தொட்டறிதல், குவியலின் சூட்டைக் கையால் உணர்தல், நிறம் கண்டு நேரம் கணித்தல் முதலியனவோ, தனி ஆய்வுப் பொருளாக இன்னும் உரிய அளவில் தொகுக்கப்படவில்லை. 2004இல் மூணாற்றின் நல்லதண்ணியில் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய எந்திரங்கள் காட்சிக்கு உள்ளன. எந்திரத்திற்கு முன்னும் பின்னும் நின்ற கைகளின் சொற்களைக் காப்பது மொழித்துறைகளின் கடமையாகும்.

முடிவுரை

தாவரச் சுவாசம் எல்லா உயிர்க்கும் பொதுவான, ஆற்றல் வெளிப்படும் நிகழ்வு. பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதிகளில் அது நெல்லில் தணித்தல், புழுக்குதல், எழுப்புதல் என்னும் மூவகையாகவும், ஏலத்தில் விரைந்து நிறுத்தலாகவும், தேயிலையில் அளவறிந்து தொடரவிட்டுப் பின் நிறுத்தலாகவும் கையாளப்பட்டுள்ளது. பத்தாயமும் ஸ்டோரும் தேயிலைத் தொழிற்சாலையும் உருவத்தால் வேறுபடினும், விளைபொருளின் உயிர்ப்பை ஆளும் அமைப்புகள் என்ற அளவில் ஓரினத்தவையாம்.

இவ்வறிவு நூலறிவிற்கு முற்பட்டதும் அதனோடு முரண்படாததும் ஆகும். கண்ணன் தேவன் நிறுவனம் தோன்றிய 1897ஆம் ஆண்டிலேயே புக்னரின் ஆய்வும் வெளிவந்தது. செல்லுக்குள் நிகழ்வது இன்னதென அறிவியலார் அறியத் தொடங்கிய அதே காலத்தில், அதன் விளைவைத் தமிழ்த் தொழிலாளர் கூடைக்குள் கைவைத்து அறிந்தனர்.

இப்பகுதிகளின் தமிழ்வழிப் பள்ளிகளில் பயிலும் மாணவர் பலர் இத்தொழிலாளரின் வழிவந்தவர். சுவாசித்தல் என்னும் பாடம் அவர்க்குச் சமன்பாடாக மட்டும் சென்று சேராமல், முளைகட்டிய மூட்டையின் கதகதப்பாகவும் கூடைக்கொழுந்தின் சூடாகவும் சென்று சேருமாயின், வீட்டறிவும் நூலறிவும் ஒன்றையொன்று வளர்க்கும். அதற்குத் துணையாக இம்மூன்று தொழில்களின் சொற்களையும் களஆய்வு வழியே தொகுத்துக் கலைச்சொல் அகராதிகளில் சேர்த்தல் வேண்டும். அச்சொற்களை வழங்கும் முதிய தலைமுறையினர் லயங்களிலும் களங்களிலும் வாழும் காலத்திலேயே அப்பணி நிறைவேறுதல் இன்றியமையாதது.